பின்சுவர் ஓரத்துக் கட்டில்

"அந்த மேலறையில மட்டும் பிள்ளைங்களைப் படுக்க வெக்காதீங்க."

தொலைபேசியில் வந்தது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஃபிலோமினா அம்மாளின் குரல். மார்லிஸுக்குச் சுருக்கென்றது.

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் தன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பள்ளி விடுமுறைக்கு எல்லாம் திட்டம் போட்டுவிட்டாள். எந்த ரயில், எந்த ரோப் கார், பெட்டிகளை இழுக்கச் சறுக்குவண்டி, நாலு பேருக்கும் பனிச்சறுக்குப் பலகை எங்கே வாடகைக்கு எடுப்பது, எல்லாம் முடிந்தது. பிப்ரவரியில் ஹோமாட் என்ற மலையூரில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த மேலறைதான்.

"ஏன், அந்த அறைக்கு என்ன?"

"அங்கே நடக்கறாங்க."

"யாரு?"

"செத்துப்போனவங்க. பனிக்காலத்துல மேலே பனியாத்துலேர்ந்து வரிசையா இறங்கி வருவாங்க. அந்தப் பின்சுவர் அவங்க வழியில நிக்குது. தட்டுவாங்க. முதல்ல மெதுவாத்தான் தட்டுவாங்க."

மார்லிஸ் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"எந்தக் காலத்துல இருக்கீங்க நீங்க?"

"உங்க சின்னவன் பேரு என்னம்மா?"

"லெவின்." பழக்கதோஷம், வாய் சொல்லிவிட்டது.

"லெவின்" என்று அந்த அம்மாள் நிதானமாகத் திருப்பிச் சொன்னாள், பக்கத்தில் நிற்கும் யாரிடமோ சொல்வதுபோல. "சரி. பேரு தெரிஞ்சுபோச்சு. இனி அவங்க கூப்பிடுவாங்க."

மார்லிஸ் போனை வைத்துவிட்டாள்.

போன வசந்தத்தில் ஒரு கார் லெவினை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து தெருவில் அம்மாவின் கையை அவன் விட்டதே இல்லை. வண்டியே இல்லாத ஊரில் ஒரு வாரமாவது பிள்ளை ஓடியாடட்டும் என்றுதான் இத்தனை பாடும்.

கணவன் ரேட்டோ விழுந்து விழுந்து சிரித்தான். "பேயாவது பிசாசாவது. பணக்கார ஆளு எவனோ அந்த அறையைக் கேட்டிருப்பான். உன்னைக் கழட்டி விடறா."

"அதை நேரா சொல்றதுதானே? பெத்தவகிட்டயே பிள்ளை பேரைக் கேட்டு இப்படியா மிரட்டுவா? இவளெல்லாம் ஒரு பொம்பளையா?"

அறையை ரத்து செய்தாள். அத்தோடு ஆறுமா மனசு? அந்த வீட்டின் இணையப் பக்கத்திலும் கொட்டித் தீர்த்தாள். 'இந்த வீட்டில் இருப்பது ஒரு சூனியக்காரி. குழந்தை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.'

அதிர்ஷ்டம், அதே ஊரின் கீழ்க்கோடியில் யாரோ வராமல் போக, பாலாடைக்கட்டிக் கடை மாடியில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன அறை கிடைத்தது.

ரோப் காரிலிருந்து இறங்கியதும் லெவின் பழக்கப்படி இடமும் வலமும் பார்த்தான். சக்கரமும் இல்லை, ஹாரனும் இல்லை. காலடியில் பனி கறுமுறுக்கும் சத்தம் மட்டும். மெல்ல அம்மாவின் கையை விட்டான். ஓடினான். மார்லிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் மேல்தெருவில் நடக்கும்போது இணையப் பக்கத்துப் படத்தில் பார்த்த அந்த வீடு எதிரே நின்றது. கீழே விளக்கு எரிந்தது. மேலே இருட்டு.

"அம்மா, மேலே ஜன்னல்கிட்ட யாரோ நிக்கறாங்க" என்றான் லெவின்.

மார்லிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அதன்பின் பனி விடாமல் கொட்டியது. ஒரு விடியற்காலை மலையே உறுமியது. படுக்கை அதிர்ந்தது. ஊர்ச்சங்கு அலறியது. மண்வாரிகளோடு ஆட்கள் மேல்தெருவுக்கு ஓட, ரேட்டோவும் மார்லிஸும் பின்னாலேயே ஓடினார்கள்.

அந்த மேலறைக்குப் பின்சுவரே இல்லை. உள்ளே கூரை முட்டப் பனி. முன்ஜன்னல் வழியாக, படத்தில் பின்சுவர் ஓரம் இருந்த சின்னக் கட்டிலின் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"உள்ளே யாராவது..." மார்லிஸ் அந்தக் கட்டில் கால்களைப் பார்த்தபடி கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. மேலறை காலி. நான் கீழே படுத்திருந்தேன்." வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த பெண் சொன்னாள். அதே குரல்.

மார்லிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "அப்போ நிஜமாவே அவங்க வர்றாங்களா?"

ஃபிலோமினா மண்வாரியை ஊன்றி நின்றாள். "ஓல்டன்காரியா நீ? செத்தவங்களை நான் எங்கே கண்டேன்? மேலே காட்டை வெட்டிச் சறுக்குத்தடம் போட்டாங்க. அப்பவே தெரியும், பனி சரிஞ்சா நேரே இங்கேதான்னு. தினம் சாயங்காலம் விளக்குப் போடாம மேலறையில போய் நின்னு சரிவைத்தான் பார்த்துட்டிருந்தேன். வீடு என் தம்பி மகனோடது. சொன்னேன், அவன் கேக்கலை. வர்றவங்ககிட்ட சொன்னேன். பனியைத் தடுக்க வேலி போட்டிருக்காங்களேன்னான் ஒருத்தன். இன்ஷூரன்ஸ் இருக்குன்னான் இன்னொருத்தன். பனின்னு சொன்னா எவனும் நிக்கலை. பேய்னு சொன்னாத்தான் நிக்கறாங்க."

மார்லிஸுக்குத் தலை நிமிரவில்லை. "உங்களை நான் சூனியக்காரின்னு எழுதிட்டேனே. இப்பவே அழிச்சிடறேன்."

"ஐயோ, இப்போதைக்கு அதைத் தொடாதே. தம்பி மகன் எங்கிட்ட கேக்காமலே நீ விட்ட அறையை மூணு பிள்ளைங்க இருக்கற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துட்டான். நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் அவங்க வரலை."