ஜெலட்டின் இல்லாதது

வளைவில் நீல வெளிச்சம் சுழல்வதைக் கண்டதும் மிதுஷாவின் கால் தானாகவே பிரேக்கில் விழுந்தது.

முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. பின்னால் ஒரு லொறி வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் இரும்பு வேலி. திரும்பிப் போக வழியே இல்லை.

முன்னே நின்ற வெள்ளை வானுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். பொலிஸ்காரர் ஒருவர் சாரதியை நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு குச்சியால் தடவி எடுத்தார்.

அந்தக் குச்சியைப் பற்றி அவளுக்குத் தெரியும், எச்சிலில் போதை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தாதியர் பயிற்சியில் கூடப் படிக்கும் வினோஜனின் லைசன்ஸ் போன மாதம் அதில்தான் போனது.

வினோஜன் தின்றதும் அவள் தின்னும் அதே ராஸ்பெரி ஜெலிதான்.

கஞ்சா என்றால் ஸ்டேஷனுக்குப் பின்னால் தொப்பியை இழுத்துவிட்டு நிற்பவர்களின் சமாசாரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இது அப்படியா? கடையில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து, பில் போட்டுத் தருகிறார்கள். பையில் சிவப்பாய்ப் பழப்படம், மூலையில் ஒரு பச்சை இலை. கஞ்சாச் செடியின் சாறுதான், ஆனால் போதை தராதது என்று எழுதியும் இருக்கிறது.

இரவு வேலை முடிந்து வந்தால் நித்திரை கிட்டவும் வராது. ஒன்றை வாயில் போட்டால் வரும். ஆபத்தென்றால் கடையில் விற்பார்களா?

எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு என்பது வினோஜனுக்குப் பொலிஸ் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் மிதுஷா நிறுத்தவில்லை. கார் ஓட்டாவிட்டால் சரிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நேற்றும் ஒன்று போட்டாள்.

இன்றைக்கு அவள் ஓட்டுவதாகவே இல்லை. கந்தசஷ்டியின் கடைசி நாள், சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போகிறார்கள். ஆறு நாளும் விரதமிருந்த அப்பா, தலை சுற்றுகிறது என்று வாசலில் வைத்துக் கார்த் திறப்பை அவளிடம் நீட்டிவிட்டார். மாட்டேன் என்பதற்கு என்ன காரணம் சொல்வது?

அப்பா முருகேசு பின் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பீலெஃபெல்ட் நகரத்தில் பஸ் ஓட்டுபவர். அவருடைய லைசன்ஸில்தான் வீடே ஓடுகிறது. அடுத்தவர் ஓட்டும் காரில் கண்ணை மூடாத மனிதர். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். விரதம் ஆளை அப்படி விழுத்திவிட்டது.

முன்னால், மிதுஷாவின் பக்கத்தில் அம்மா பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கண்ணருகே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் அம்மாவுக்கு ஒரே பயம், ஜெலட்டின். எந்த இனிப்புக்குள் எந்த மாட்டின் எலும்பு கிடக்கிறதோ என்று தேடியே கண் பழுதாகிவிட்டது. குசினியில் மிதுஷாவின் ஜெலிப் பையைக் கண்டபோதும் அதைத்தான் கேட்டார். இல்லையம்மா, நித்திரைக்கு மூலிகை என்று சொன்னாள். சந்தேகம் தீராமல் தானே பையில் ஜெலட்டின் என்ற சொல்லை மட்டும் தேடிப் பார்த்து, நல்ல சாமான் என்று திருப்பிக் கொடுத்தார்.

வரிசை நகர்ந்தது. மிதுஷா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா வெற்றிலைகூடப் போடாதவர். ஆறு நாளாகப் பாலும் பழமும்தான். இந்த ஜெர்மனியிலேயே அவருடையதைப் போலச் சுத்தமான நாக்கு வேறு இருக்காது.

“அப்பா, எழும்புங்கோ. எனக்குக் கால் விறைச்சுப் போச்சு, கார் ஓட ஏலாது. நீங்கள் வாங்கோ.”

பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. அக்காவின் பிள்ளைகள் விளையாட்டாய்த் திறந்துவிடாமலிருக்கச் செய்து வைத்த பூட்டு. அவளே இறங்கிப் போய்த் திறந்துவிட்டாள். அப்பா இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இப்படி ஒரு நித்திரை கொண்டு எத்தனை நாள் என்று சிரித்தார்.

பின் சீட்டில் அவருடைய சூடு அப்படியே இருந்தது. அதில் உட்கார்ந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பொலிஸ்காரர் வந்தார். அப்பா ஜன்னலை இறக்கி, தானும் தொழிலால் சாரதிதான், பஸ் ஓட்டுகிறேன் என்று டொச் பாஷையில் பெருமையாகச் சொன்னார். டாக்டரிடம் காட்டுவதுபோல நாக்கை நன்றாக நீட்டினார். சில நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பொலிஸ்காரர் குச்சியோடு தன் வண்டிக்குப் போனார்.

அம்மா மெல்லப் பின்னால் திரும்பினார். அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“பாவம் பிள்ளை, மனுசன் விரதம் துடங்கின நாளிலயிருந்து கண் மூடேல்லை. விடிய உன்ர ஜெலியில ரெண்டு குடுத்தனான். பழந்தானே, ஜெலட்டினும் இல்லை. விரதத்துக்குக் குற்றமில்லை.”

மிதுஷா கதவின் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

அங்கே பொலிஸ்காரர் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் கூட்டாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

பிடி இழுபடும் சத்தம் கேட்டு அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“கால் இன்னும் விறைப்போ பிள்ளை? பொறு, அப்பா வந்து திறந்துவிடுறன்.”