தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் வரணும் மேடம். உள்பக்கம் ஒண்ணும் வேண்டாம்."

டிசைனரின் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. பதினோரு வருஷமாகச் சமையலறைகளுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறாள். வெளியில் தாழ்ப்பாள் கேட்ட முதல் மனிதர் இந்த வீட்டுக்காரர்தான்.

"சமையலறைக்கா சார்? ஸ்டோர் ரூமுக்கா?"

"சமையலறைக்குத்தான். தாழ்ப்பாள்ல பூட்டும் தொங்கணும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கையில் ஒரு குட்டி நோட்டு. அதைப் பார்த்துப் பார்த்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி, இடித்துக் காலி செய்த அந்தச் சமையலறையின் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். இடது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது.

"அலமாரி எல்லாம் மரம். கண்ணாடிக் கதவு கூடவே கூடாது, உள்ள என்ன இருக்குன்னு தெரியக் கூடாது. கத்தி வைக்கிற டிராயருக்குத் தனிப் பூட்டு. கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, கூண்டு கட்டி அதுக்கும் ஒரு பூட்டு."

டிசைனர் பேச்சை மாற்றப் பார்த்தாள். "அம்மா, மேடை எந்த உயரம் இருந்தா உங்களுக்கு வசதி?" எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அது.

பதில் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. "அவளை ஏன் கேக்கறீங்க? அவளை விட்டா, ஒண்ணுமே வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்னுவா. நான் சொல்றதை எழுதுங்க. இந்த மாசத்துக்குள்ள முடிச்சாகணும். அப்புறம்னா என்னால சொல்ல முடியாது."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டிசைனரின் அக்கா வீட்டிலும் முதலில் வந்தது ஒரு தாழ்ப்பாள்தான். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், நமக்கெதற்கு என்று அன்றைக்கு இவள் பேசாமல் வந்துவிட்டாள். அடுத்த தடவை அக்காவைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"தரைக்கு என்ன போடறோம்?" என்றார் வீட்டுக்காரர்.

"சிமெண்ட் டைல்ஸ் சார்." பையிலிருந்து மாதிரிக் கல்லை எடுத்துக் காட்டினாள். வெளிர் மஞ்சள், நல்ல கனம்.

"நிறம் சரி. ஆனா வாசப்படிகிட்ட ஒரே ஒரு வரிசை மட்டும் கன்னங்கரேல்னு இருக்கணும்." செருப்புக் காலால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "இதைத் தாண்டவே கூடாது. பார்த்தாலே பள்ளம்னு பயந்து நின்னுடணும்."

யார் பயந்து நிற்கணும்? அளவு நாடா டிசைனரின் கையிலிருந்து நழுவி, சரேலென்று சுருண்டுகொண்டது. அந்தச் சத்தத்துக்கே அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட, அடுப்பிருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டினார். நிமிர்ந்தார். "தரைக்கு என்ன போடறோம்?"

டிசைனர் அவரை உற்றுப் பார்த்தாள். சொன்னதையே திருப்பிக் கேட்டு ஆழம் பார்க்கிறார் மனுஷன். நம் முகத்தில் சந்தேகம் தெரிந்துவிட்டதோ? "சிமெண்ட் டைல்ஸ் சார்," என்றாள்.

"ம்." அதை நோட்டில் குறித்துக்கொண்டார். சிலிண்டருக்கு இடம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்கட்டுப் பக்கம் போனார்.

செருப்புச் சத்தம் தேய்ந்ததுதான் தாமதம், டிசைனர் அந்த அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, அவர் வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. இந்தக் கை அவராலயா?"

அந்த அம்மா கட்டைத் தடவிக்கொண்டாள். "அவராலதான். அடுப்புத் தீ பட்டது. ஆனா அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதே கண்ணு."

"இப்பவே என்னோட கிளம்புங்க. வண்டி வாசல்லதான் நிக்குது. நேரா போலீஸுக்குப் போயிடலாம்."

"நான் கிளம்பிட்டா சாவியை யார் வெச்சுக்கறது?"

"சாவியா? எந்தச் சாவி?"

"இப்பப் போடப்போற மூணு பூட்டுக்கும் சாவி என் இடுப்பை விட்டு இறங்கக் கூடாதாம். அவரே வந்து கெஞ்சினாலும் குடுக்கக் கூடாதாம். தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

டிசைனருக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் இந்த அம்மாவுக்குப் புத்தியே பேதலித்துவிட்டதா? மேற்கொண்டு கேட்பதற்குள் பின்கதவு கிறீச்சிட்டது.

இந்தத் தடவை பேசாமல் போகப்போவதில்லை. அந்த அம்மாவை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். ஒரு கையில் போலீஸ் நம்பரைத் தட்டி வைத்த போன், இன்னொரு கையில் அந்த மாதிரிக் கல். கிட்டே வந்தால் எறிந்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள்.

வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, விருந்தாளியைக் கண்டதுபோல முகம் மலரக் கை குவித்தார்.

"வாங்க, வாங்க... யாரும்மா நீங்க?"