ஊஞ்சல் எரித்த கலோரி

மழை ஓய்ந்த பிற்பகல். உடற்பயிற்சியை முடித்த வடிவுக்கரசி ஊஞ்சலில் அமர்ந்தவாறே கண்ணயர்ந்தாள். அறை முழுவதும் அவளோடு சேர்ந்து மெல்ல ஆடுவதுபோல் இருந்தது. அவளுடைய மணிக்கட்டிலிருந்த கைப்பட்டையோ, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எரிந்த கலோரியைக் கூட்டிக்கொண்டே போயிற்று.

மூலையில் சுருண்டிருந்த பயிற்சிப் பாய் அதைக் கண்டு சினந்தது. "அடேய் புளுகா! என்மேல் அவள் குதித்தது ஒரு வாழைப்பழத்துக்கே காணாது. உறங்குகிறவளுக்கு எதற்குக் கணக்கு?"

"ஊஞ்சல் ஆடினால் கையும் ஆடுகிறதே, அண்ணே!" என்றது கைப்பட்டை.

"நாளை முதல் உள்ளதை மட்டும் சொல்."

கைப்பட்டை அவ்வாறே செய்தது. மறுநாள் பயிற்சி முடிந்ததும் எண்ணைப் பார்த்த வடிவுக்கரசி, "இவ்வளவுதானா?" என்று முகம் வாடினாள். அதன்பின் பாயை அவள் விரிக்கவே இல்லை. ஊஞ்சல் மட்டும் ஆடியது. நாட்கள் முகில்களைப்போல் சன்னலைக் கடந்தன. பாயின்மேல் தூசி படிந்தது.

ஒரு காலை, ஏதோ நினைவில் அவள் பாயை விரித்து ஒரேயொரு முறை குதித்தாள்.

பாய் மேலே கைப்பட்டையை நோக்கியது.

"தம்பி," என்றது, "கொஞ்சம் கூட்டியே சொல்லேன்."