திராவோரேக்களின் கல்லீரல்

"நோயாளிங்க எங்கம்மா?"

தலைநகர் பமாக்கோவிலிருந்து வண்டி நிறைய ஆட்களும் தடுப்பூசிப் பெட்டியுமாக ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கிய அதிகாரி தவுதாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஊரில் கல்லீரல் கிருமி பரவிவிட்டது என்று அமைச்சருக்கே சொல்லியாயிற்று. இப்போது நோயாளி இல்லையென்றால் மானம் கப்பலேறிவிடும்.

செவிலி ஜெனபா கையைப் பிசைந்தாள். "வாரச் சந்தையில சோதனைக்கு ரத்தம் குடுத்து, கிருமி இருக்குன்னு வந்தவங்க பேரெல்லாம் இருக்கு ஐயா. அத்தனை பேரும் திராவோரே குடும்பம். ஆனா யாருமே குடுக்கலேங்கிறாங்க."

ஒரு திராவோரே ஆஸ்பத்திரி மாமரத்தின் உச்சியில் இருந்தார். பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆகும்வரை இறங்கமாட்டாராம். இன்னொரு திராவோரே போன மழைக்காலமே செத்துப்போயிருந்தார்.

"செத்தவர் எப்படிய்யா சந்தைக்கு வந்தார்?" என்று கத்தினார் தவுதா.

"நான்தான் வந்தேன்," என்று முன்னால் வந்தார் கறிக்கடை ஸெரிபா ஜாரா. "கிருமி எனக்குத்தான். ரத்தம் எடுக்க வர்றவங்க வெளியூர்ப் பசங்க. வாராவாரம் தொப்பிய மாத்திக்கிட்டு ஒரு திராவோரே பேரச் சொன்னேன்."

"அடுத்தவன் பேரைச் சொல்ல உனக்கு யாருய்யா உரிமை குடுத்தது?"

"எங்க ஜாரா குடும்பத்துக்கும் திராவோரே குடும்பத்துக்கும் பாட்டன் காலத்துக் கேலிமுறை ஐயா. அவங்க கோழியையே கேக்காமப் பிடிச்சிட்டுப் போவேன். பேர எடுத்தா என்ன?"

"பயறு தின்னி!" என்று மரத்திலிருந்து குரல் வந்தது. கோபமெல்லாம் இல்லை, அந்த முறையில் பதிலுக்குத் திட்டாவிட்டால் மரியாதை இல்லை.

ரத்தம் கொடுப்பவர்களுக்குச் சோப்பு இலவசம் என்பது தவுதாவுக்கு ஞாபகம் வந்தது.

"அற்பச் சோப்புக்காக அரசாங்கத்தையே ஏமாத்தினியா? போலீசைக் கூப்பிடு!"

ஆஸ்பத்திரிக்குள்ளே அப்போதுதான் பிறந்த குழந்தை வீறிட்டது. ஜெனபா வண்டிக்கு ஓடினாள். பெட்டியைத் திறந்து ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில் திரும்பினாள்.

"எங்கே ஓடுது அந்தப் பொண்ணு?"

"மரத்துல இருக்கானே, அவன் பொண்டாட்டிக்கு நெசமாவே அந்தக் கிருமி இருக்கு ஐயா. பொறந்த அன்னைக்கே ஊசி போட்டாத்தான் புள்ளையக் காப்பாத்தலாமாம்," என்றார் ஸெரிபா. "மருந்து கேட்டு ஜெனபா போன் பண்ணப்போ, 'ஒத்தப் பொம்பளைக்கெல்லாம் வண்டி வராது, ஊரே சீக்கானா சொல்லு'ன்னது நீங்கதானே? அதான் ஊரையே சீக்காக்கினேன்."