மாஸ்டரின் தனிப் பாணி

கராத்தேயில் சொந்தமாக ஒரு பாணியையே உருவாக்கியிருந்தார் மாஸ்டர். அதில் அவர் தயார்செய்த மூன்று பேரும் போட்டியின் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வி, வீங்கிய மூக்கோடு வந்து நின்றார்கள்.

“குத்துறதுக்கு முன்னாடி எதுக்குடா எல்லாரும் இடுப்பைத் தொடுறீங்க? அந்த நேரத்துலதானே அவன் மூஞ்சியில போடுறான்!”

“நீங்க அப்படித்தானே செய்வீங்க மாஸ்டர்? நம்ம பாணியோட சூட்சுமமே அதுதான்னு நினைச்சோம்.”

“நானா? உங்களோட மாரடிச்சே என் உயிர் போகுது. இங்க பாருங்கடா!”

மாஸ்டர் காற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அதற்கு முன் அவருடைய இடதுகை சட்டென்று இடுப்பைத் தொட்டு மீண்டது.

சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அந்தப் பேண்ட் இடுப்புல நிக்கலை, புது நாடா கோத்துக்கோங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே, கேட்டீங்களா?”