இடது காலாலும் மூணு

1972 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை. பாகூரில் பொங்கல் கோப்பைக்கான கால்பந்து இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள்.

“அண்ணே, ஒரு உதை உதைச்சு வுடுண்ணே.”

மூன்றரை மணிக்கு மைதானத்து ஓரப் புளியமரத்தடியில் வந்து நின்று இப்படிக் கேட்டவன் பாஸ்கல். எதிரணியான வில்லியனூரின் கோலெல்லாம் அவன் காலில்தான் இருந்தது. சைக்கிள் கேரியரிலிருந்து அவனை இரண்டு பேர் தாங்கி இறக்கியிருந்தார்கள். இடுப்பில் கை வைத்து, பாதி வளைந்தபடி நின்றான்.

அவன் கேட்டது தங்கவேலிடம். பாகூர் கேப்டன், பின்வரிசையில் பேக் ஆடுகிறவன், கால் முன்னால் வரப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவர் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று அந்த வட்டாரமே நம்பியது. விடிந்து கதவைத் திறந்தால் அவன் வாசலில் யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள்.

“இன்னாடா ஆச்சு?”

“காலையில தண்ணி எறைக்கச் சொல்ல புடிச்சிக்கிச்சி. குனிய முடியல, திரும்ப முடியல.”

கோல்கீப்பர் கண்ணையன் குறுக்கே வந்தான். “யோவ் கேப்டன், இவன் இல்லாங்காட்டி வில்லியனூர்ல இன்னா இருக்குது? உதைக்கறதுன்னா எழுந்துக்காத மாதிரி உதை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கவேல் சிரிக்கவில்லை. கேட்டு வந்தவனுக்கு மாட்டேன் என்றால் அந்த வலி உதைப்பவனுக்கே வந்துவிடும் என்பார்கள். அவனுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. போன வாரம் கரும்புக் கட்டைத் தூக்கும்போது இடுப்பின் இடப்பக்கம் சுரீரென்று பிடித்தது, இன்னும் விடவில்லை. ஊருக்கெல்லாம் உதைப்பவன் தன் இடுப்பைத் தானே உதைத்துக்கொள்ள முடியாது. மனைவி வள்ளியம்மாளைத் தவிர யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு வருடமாக வில்லியனூரில் இருக்கும் கோப்பையை இந்த முறை தன் கையால் வாங்க வேண்டும் என்றிருந்தான்.

“படு” என்றான்.

பாஸ்கல் முனகிக்கொண்டே குப்புறப் படுத்தான். தங்கவேல் வலது காலால் மெல்ல மூன்று உதை உதைத்தான்.

“எங்க ஊருல எடது காலாலயும் மூணு உதைப்பாங்கண்ணே.”

“அதெல்லாம் இங்க கெடையாது.”

“இன்னும் புடிச்சிக்கினுதான் இருக்குது. புண்ணியமாப் போவும்ணே.”

தங்கவேல் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினான். இடுப்பில் ஒரு குத்து. கண்ணில் நீர் முட்டியது. பாதம் பாஸ்கலின் முதுகைத் தொட்டதோடு சரி. அடுத்த இரண்டும் அப்படியே. நல்லவேளை, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாஸ்கல் எழுந்து இடுப்பை வளைத்துப் பார்த்தான். “வுட்டுடுச்சிண்ணே.”

“கெட்டுது போ” என்றான் கண்ணையன்.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே பாகூரின் முன்வரிசை ஆட்டக்காரன் ராமு ஒரு கோல் போட்டான். துண்டுகள் பறந்தன. கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது; விரட்டி வெளியேற்ற நேரமாயிற்று.

அப்புறம் பாஸ்கல் ஆடினான். பந்தோடு பாய்ந்து வந்து தங்கவேலின் இடப்பக்கமாக வெட்டினான். தங்கவேல் திரும்புவதற்குள் பந்து வலைக்குள் இருந்தது. மறுபடி வந்தான். வலப்பக்கம் திறந்தே கிடந்தது. அவன் இடப்பக்கமாகவே போனான். தங்கவேலின் கால் போக நினைத்த இடத்துக்கு இடுப்பு விடவில்லை. இரண்டாவது கோல்.

“நீ உதைச்ச உதைதான் இது. நல்லா வாங்கிக்க” என்று கத்தினான் கண்ணையன், வலையிலிருந்து பந்தை எடுத்தபடி.

விசில் ஊதியபோது வில்லியனூர் இரண்டு, பாகூர் ஒன்று. கோல் கம்பத்தில் சாய்ந்து நின்ற தங்கவேலிடம் பாஸ்கல் வந்தான்.

“இடுப்பு தேவலையாடா?”

“எனக்கு இன்னாண்ணே? காலையிலேர்ந்து நல்லாத்தான் இருக்கேன். வில்லியனூர் கடையில அண்ணி இடுப்புப் புடிப்புத் தைலம் வாங்கினதப் பாத்தேன். உனக்குத்தான்னு தோணிச்சி. எந்தப் பக்கம்னுதான் தெரியல.”

தங்கவேல் இடப்பக்க இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

“குப்புறப் படுண்ணே” என்றான் பாஸ்கல். “நானும் கால் முன்னால வரப் பொறந்தவன்தான்.”

தங்கவேல் படுத்தான். பாஸ்கல் மூன்று உதை உதைத்தான், வலது காலால் மட்டும்.