ருசி பார்க்காத சமையல்

"வாயில வைக்காத!"

தனம் போட்ட சத்தத்தில் இலக்கியாவின் கையிலிருந்த கரண்டி நழுவிச் சாம்பாருக்குள் விழுந்தது.

"உப்புப் பாக்கத்தாம்மா..."

"படையல் சமையலு. ருசி பாக்கக் கூடாது, தெரியாது?"

பெரம்பலூரில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் கேட்டரிங் படிக்கிறாள் இலக்கியா. ருசி பார்க்காமல் அடுப்பை அணைத்தால் அங்கே மார்க் குறையும். அதை அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள அவள் தயாராக இல்லை. அம்மா வாய் திறந்து பேசியதே பெரிய வரம்.

கூடப் படிக்கும் கலையரசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பதினாறு நாள் ஆகிறது. வேறு சாதிப் பையன். அப்பா தங்கராசு அரிவாளோடு கல்லூரி வாசலுக்கே வருவார் என்று தோழிகள் பயந்தார்கள். வந்தது போன்தான்.

"நாளைக்கு வூட்டுல படையல். படிச்ச படிப்புக்கு நீயே வந்து சமைச்சுக் குடுத்துட்டுப் போ. தனியா வா."

அரிவாளுக்குப் பயந்தவளுக்கு அரிவாள்மனை கிடைத்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து, ஜெயங்கொண்டத்தில் மாறி, மீன்சுருட்டிக்கு வந்துவிட்டாள்.

என்னென்ன சமைக்க வேண்டும் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பலாக்கொட்டை சாம்பார், வாழைப்பூ வடை, கருணைக்கிழங்கு வறுவல், முந்திரி அள்ளிப் போட்ட பாயசம். எல்லாமே அவளுக்கு உயிர். பெற்ற வயிறு மறக்குமா? கேஸ் அடுப்பில் புகை ஏது, ஆனாலும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டு, 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டால் போதும். கலையரசனோடு இந்த வாசலை மிதித்துவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காக உப்பைப் பயந்து பயந்து கண்ணளவில் போட்டாள்.

சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் ஆறக் கொஞ்ச நாள் ஆகும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

வடைத் தட்டோடு வந்தவள் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, அவரையும் வரச் சொல்லவா? ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறாரு."

"மொதல்ல படையல் முடியட்டும்."

தலைவாழை இலையில் எல்லாவற்றையும் அவளே பரிமாறினாள். செய்முறைத் தேர்வில்கூட இத்தனை கவனமாக இலை போட்டதில்லை. சுவரோரம் துண்டு போர்த்தி வைத்திருந்த படத்துக்கு முன்னால் தங்கராசு சூடம் ஏற்றினார்.

"எந்தச் சாமிக்குப்பா?"

அவர் துண்டை உருவினார். பன்னிரண்டாம் வகுப்புச் சீருடையில், சந்தன மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள் இலக்கியா.

"எம் பொண்ணுக்கு இன்னைக்குப் பதினாறாம் நாளு. காக்காவுக்கும் நீயே வச்சிட்டுக் கெளம்பு."